கரண்ட் நின்ற மத்தியானம்

கோதண்டத்தின் கால் பெருவிரல்களைச் சேர்த்துப் பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது, தெருவில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. மகள் கங்காவின் ஓட்டம் கோவிந்தம்மாவுக்குத் தெரியும். கணவரின் உயிர் அப்போதுதான் பிரிந்திருந்தது. சேதி சொல்ல அவள் கம்பெனிக்குப் போன ஆள் அதற்குள் அவளைப் பார்த்திருக்க முடியாது.

"அப்பா! நின்னுடுச்சிப்பா!"

ஏறி இறங்கும் கரண்டில் கிணற்று மோட்டார் எரிந்து, பயிரைக் காயவிட்டவர் கோதண்டம். அதனால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இன்ஜினியராக இருக்கும் மகளின் வேலையைத் துருவித் துருவிக் கேட்பார். கேபிளில் கரண்ட் ஓடினால் சுற்றிலும் காந்தம் உண்டாகும் என்பாள் அவள். பக்கத்தில் வைத்த கண்ணாடிக்குள் போகும் ஒளியை அது துளி திருப்பும். எவ்வளவு திரும்பியது என்று பார்த்தால் கரண்டின் அளவு தெரிந்துவிடும். கூடினால் குறைக்கலாம், குறைந்தால் கூட்டலாம். அவள் சோதனையில் ஒளி என்றைக்கோ திரும்பிவிட்டது. கரண்ட்தான் ஒரே அளவில் நிற்கவில்லை.

அன்று பம்பாயிலிருந்து ஒருவர் அந்தச் சோதனையைப் பார்க்க வருவதாக இருந்தது. காலையில் அப்பாவின் மூச்சிரைப்பைப் பார்த்துக் கங்கா தயங்கினாள்.

"நீ போம்மா. நான் எங்க போவப்போறேன்? இங்கதான கீறேன்."

இப்போது வாசலைத் தாண்டியவள் அப்படியே நின்றாள். தோள்பை நழுவி விழுந்தது. மெல்ல வந்து அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவள் நெஞ்சு இன்னும் ஓடிவந்த வேகத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கோவிந்தம்மா கேட்டாள்: "இன்னாம்மா நின்னுச்சி?"

கங்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லு. காத்தாலேர்ந்து அதையேதான் கேட்டுக்கினு இருந்தாரு."

"கரண்ட்டுப்பா..." குரல் உடைந்தது. பிறகு வேகம் பிடித்தது. "பக்கத்துலயே பெரிய மோட்டாரைப் போட்டாங்கப்பா. வெல்டிங்கும் போட்டாங்க. லைட்டெல்லாம் மங்கிப்போச்சி. நம்ம மீட்டர்ல முள்ளு அசையலப்பா! வெச்ச எடத்துல அப்படியே நின்னுச்சி. நான் கத்திட்டேன். பம்பாய்க்காரரு கை தட்டினாரு!"

கிளியம்மாள் ஒப்பாரிக்கு வாயெடுத்தாள். கோவிந்தம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இரு. பேசி முடிக்கட்டும்."

கண்ணாடி எங்கே இருந்தது, ஒளி எந்தப் பக்கம் போனது என்று கங்கா அப்பாவின் முகத்துக்கு மேலே விரலால் காட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்றிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.