முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர்

வீட்டு உரிமையாளர் சங்கம் தெருவின் மேற்குக் கோடியில் இரும்பு கேட் போட்டுப் பூட்டிய மறுநாளிலிருந்து, அந்தத் தெருக்காரர்கள் கிழக்கே மெயின் ரோட்டுக்குப் போய்ச் சேர ஐம்பது நிமிடம் ஆனது. தெருவின் நீளம் முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர். அதில் சந்தேகமே இல்லை. பதினேழாம் நம்பர் வீட்டில் இருக்கும் ரிட்டையரான சர்வேயர் அன்றைக்கே டேப் பிடித்து இரண்டு தடவை அளந்தார். இரண்டு தடவையும் அதே முந்நூற்றுப் பன்னிரண்டு. அளந்து முடிக்கத்தான் அரை நாள் போயிற்று. நடந்தாலும் ஐம்பது நிமிடம், ஸ்கூட்டரில் போனாலும் ஐம்பது நிமிடம். சங்கத் தலைவரான மருந்துக்கடைக்காரருக்கு முதல் நம்பர் வீடு. அவருடைய காம்பவுண்டுச் சுவர் முடிகிற இடத்தில்தான் மெயின் ரோடே ஆரம்பிக்கிறது. அவருக்கும் ஐம்பது நிமிடம்தான். ஒருநாள் சுவரைத் தடவிக்கொண்டே நடந்து பார்த்தார். உள்ளங்கை தோல் உரிந்ததுதான் மிச்சம்.

இதற்கு இரண்டு வருஷம் முன்பு நெடுஞ்சாலைக்கு அப்பால் ஃபிரிட்ஜ் செய்கிற ஆலை ஒன்று வந்திருந்தது. வரவேண்டும் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தவர்களே இந்தத் தெருக்காரர்கள்தான். மனுவை எழுதியவர் சர்வேயர். அவருடைய கையெழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். ‘இவ்வட்டாரத்து இளைஞர்களின் வேலைவாய்ப்பு பெருகிட’ என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம் எழுதினார். டிப்ளமோ முடித்துவிட்டு மூன்று வருஷமாக வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்த மகன் அவருக்கு இருந்தான். ஆலை வந்தது, வேலை வந்தது, கூடவே வேலை செய்கிற ஆட்களும் வந்தார்கள். அதைப் பற்றி மனுவில் யாரும் எதுவும் எழுதியிருக்கவில்லை. மேற்கே காலி மனைகளில் மூன்று மாடிக் கட்டடங்கள் எழும்பின; அதில் ஒன்று மருந்துக்கடைக்காரருடையது. அறைக்கு நாலு பேர் வீதம் அங்கே குடிவந்தார்கள். கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் நிற்கும். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் சாப்பாட்டுப் பையுமாக, ஒரு நாளைக்கு மூன்று ஷிஃப்ட், தெரு வழியே சளசளவென்று பேசிக்கொண்டு நடப்பார்கள். நாலு நிமிட நடை.

பிறகு ஏழாம் நம்பர் வீட்டுத் தண்ணீர் மோட்டார் காணாமல் போனது. அந்த வீடு பூட்டிக்கிடந்தது; சொந்தக்காரர்கள் வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு மருந்துக்கடைக்காரர் வீட்டுக் கார் ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுச் சங்கம் கூடியது. தெருப் பாதுகாப்பு ஒன்று, வட்டார வேலைவாய்ப்பு ஒன்று என்று பேச இரண்டே விஷயம். நல்லதை முதலில் பேசுவோம் என்று வேலைவாய்ப்பை எடுத்தார்கள். ஆலையில் இன்னும் நானூறு பேரை எடுக்கப் போகிறார்களாம், வீட்டு வாடகை ஏறியிருக்கிறது, ஆலை நிர்வாகத்துக்கு ஒரு நன்றித் தீர்மானம். எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்து பாதுகாப்புக்கு வந்ததும் அந்தக் கைகளெல்லாம் மடிக்குத் திரும்பின. யார் யாரோ வருகிறார்கள், போகிறார்கள், ஒவ்வொரு வீட்டையும் நோட்டம் விடுகிறார்கள் என்று பேச்சு போனது. கடைசியில் மருந்துக்கடைக்காரர் பின்வரிசைப் பக்கம் திரும்பினார்.

“சர்வேயர் சார், நீங்க நிதானமா யோசிச்சுப் பேசறவர். சொல்லுங்க, இது வெளியாள் வேலைதானே?”

சர்வேயருக்குத் தெரியும். இரண்டு வாரம் முன்பு, புதன்கிழமை, வெயில் மண்டையைப் பிளக்கிற மதிய நேரத்தில், ஏழாம் நம்பர் வீட்டு வாசலில் பழைய இரும்புக்காரனின் வண்டி நின்றதையும், அதில் தன் மகன் ஏதோ ஒரு கனமான சாமானை நீலக் கட்டம் போட்ட போர்வையில் சுற்றித் தூக்கி வைத்ததையும் அவர் ஜன்னல் வழியே பார்த்திருந்தார். அது மகனுடைய போர்வை. பார்த்தவர் திரைச்சீலையை விட்டுவிட்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்குக் கேட்கவில்லை. மறுநாள், நேற்றே கேட்காமல் இன்றைக்கு என்ன கேட்பது என்று கூச்சமாக இருந்தது. அதற்கடுத்த வாரம் ஆலையிலிருந்து மகனுக்கு லைன் சூப்பர்வைசர் வேலைக்கான கடிதம் வந்தது. இனி எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

“அப்படித்தான் இருக்கும்” என்றார்.

கேட் போட வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றபோது அவரும் தூக்கினார். கை தன்னால் எழுந்துவிட்டது என்று பின்னால் மனசுக்குள் சொல்லிப் பார்த்ததுண்டு. அது பொய், அவர்தான் தூக்கினார். தூக்கியதோடு நிற்காமல், கிலோ கணக்கில் இரும்பு வீணாகக் கூடாது என்று, பென்சிலைச் சீவி உட்கார்ந்து கேட்டுக்கு அளவோடு படமும் வரைந்து கொடுத்தார்.

கேட் பூட்டியதும் ஆலை ஆட்கள் பைபாஸ் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. அந்தச் சுற்று ஐம்பது நிமிடம். இரண்டு ஐம்பதுக்கும் உள்ள சம்பந்தம் தெருவில் எல்லாருக்கும் முதல் நாளே புரிந்தது, ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. நகராட்சிக்கு எழுதிப் போட்டார்கள். இன்ஜினியர் வந்தார், நாலு நிமிடத்தில் நடந்து முடித்தார், ‘சாலையில் குறை ஏதுமில்லை’ என்று எழுதிவிட்டுப் போனார். தபால்காரருக்கு நாலு நிமிடம். சிலிண்டர் போடுகிறவருக்கு நாலு நிமிடம். அன்றைக்குக் கை தூக்காதவர்கள் எல்லாருக்கும் அதே நாலுதான். சர்வேயரின் மனைவி கூட்டத்தன்று ஜுரம் என்று படுத்திருந்தவள். புருஷன் பெண்டாட்டி இருவரும் சேர்ந்துதான் காய்கறி வாங்கக் கிளம்புவார்கள்; பத்தடிக்குள் அவள் முன்னால் போய்விடுவாள். வாங்கிக்கொண்டு திரும்பும்போது இவர் பல் டாக்டர் வீட்டு வாசலைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். “இன்னும் இங்கயே நிக்கறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் பையோடு போவாள். இத்தனை நடை நடந்ததில் தெருவில் ஏழெட்டுப் பேருக்குச் சர்க்கரை இறங்கியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள் அவள் தையல் கடையிலிருந்து வரும்போது, தெரு நடுவில் மகன் வியர்த்து வழிந்து ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தான். ஓவர்டைம் என்று சொல்லி வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்பே வீட்டை விட்டுக் கிளம்பியவன். அவள் அங்கே எதுவும் கேட்கவில்லை. மறுநாள் மதியம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டாள்.

“நீ அந்தக் கூட்டத்துக்கே போகலை. கையும் தூக்கலை. உனக்கு எதுக்குடா ஐம்பது நிமிஷம்?”

மகன் அவளைப் பார்க்கவில்லை. தட்டிலிருந்து தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தான்.

“அப்பாவுக்குத் தெரியும்மா. அன்னைக்கு ஜன்னல்ல திரை அசைஞ்சுது.” சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். “அவர் வந்து கேப்பார்னு அன்னைக்கு முழுக்கக் காத்துக்கிட்டிருந்தேன். கேட்டிருந்தா மறுநாளே கொண்டுபோய் மாட்டியிருப்பேன்.”

மகன் இன்னும் முடிக்கவில்லை. அவன் லைனில், ஃபிரிட்ஜ் கதவுக்கு ரப்பர் பட்டை ஒட்டுகிற ஒரு பெண் இருந்தாள். வெயிலோ மழையோ பச்சைக் குடை இல்லாமல் வரமாட்டாள் என்பதால் எல்லாருக்கும் அவள் பச்சைக் குடை. வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்துவிட்டு, பாலத்தைச் சுற்றி வந்ததில், மூன்று வாரத்துக்குள் மூன்று நாள் பஸ்ஸை விட்டுவிட்டாள். லைன் சூப்பர்வைசர் என்கிற முறையில் மூன்று தடவையும் ‘தாமதம்’ என்று எழுதியது இவன்தான். முந்தாநாள் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

“நீங்க பாத்தீங்களா?” என்று மனைவி சர்வேயரைக் கேட்டாள். அவர் தலையசைத்தார். “பாத்துட்டு, அப்புறம் உக்காந்து கேட்டுக்குப் படமும் வரைஞ்சீங்க.” அவள் சத்தம் போடவில்லை. எழுந்து போய்த் தன் தட்டை மட்டும் கழுவி வைத்தாள். முப்பத்திரண்டு வருஷத்தில் அவருடைய தட்டை அவரே கழுவியது அன்றைக்குத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் எழுந்து நின்று சொன்னார். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நடுவில் தண்ணீர் கொடுத்தார்கள், வேண்டாம் என்றார். யாராவது திட்டுவார்கள் என்று காத்திருந்தார். மருந்துக்கடைக்காரர் வெகுநேரம் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “வெளியாளா இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும் சார்” என்றார். அதற்குப் பிறகு பல் டாக்டரின் மனைவி, களவு போனதாகத் தான் சொன்ன பித்தளை அண்டா பரணிலேயே இருந்தது, இரண்டு மாசமாகச் சொல்ல வெட்கமாக இருந்தது என்றாள். இன்னொருவர் சைக்கிளைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார். அன்றே வெல்டரைக் கூப்பிட்டு கேட்டை அறுத்து எடுத்தார்கள். ஆலை ஆட்கள் மறுபடியும் தெருவழியே, நாலே நிமிடத்தில், பேசிக்கொண்டு போனார்கள். தெருக்காரர்களும் ஆசையோடு மறுநாள் கடைசி நிமிடத்தில் கிளம்பினார்கள். அத்தனை பேருக்கும் பஸ் போய்விட்டது. ஐம்பது ஐம்பதாகவே இருந்தது.

மகன் ஏழாம் நம்பர் வீட்டில் புது மோட்டார் வாங்கி மாட்டினான். ஆலை அதிகாரியிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். பச்சைக் குடையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இவனைச் சூப்பர்வைசர் வேலையிலிருந்து இறக்கி பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். அப்பாவோடு பேசுவதை அவன் நிறுத்தவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வான். அதுவே சர்வேயருக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

பச்சைக் குடை திரும்ப வேலைக்கு வந்த வாரம், மதிய ஷிஃப்டுக்கு ஆள் போகிற நேரமாகப் பார்த்து, சர்வேயர் மேற்குக் கோடியில் போய் நின்றார். கூடவே நடந்துகொண்டு பேசலாம் என்றுதான் நினைத்திருந்தார். தன் நடைக்கு ஏற்ப அவளும் நடந்தால் அவளுக்கு மறுபடியும் பஸ் போய்விடுமே என்பது அவளைக் கண்டதும்தான் உறைத்தது. அதனால் நின்ற இடத்திலேயே சொன்னார்.

“அம்மா, மோட்டார எடுத்தது என் பையன். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயத் திறக்கலை.”

அவள் குடையைச் சற்றுச் சாய்த்து அவரைப் பார்த்தாள்.

“மோட்டாரப் பத்தி எனக்கு என்னய்யா தெரியும்? அது காணாமப் போன வாரம் உங்க ஆளுங்க என்னை நடுத்தெருவுல நிறுத்தி, சாப்பாட்டுப் பையக் கொட்டிக் காட்டச் சொன்னாங்க. அப்ப நீங்க உங்க வாசல்ல நின்னுக்கிட்டிருந்தீங்க.”

“நின்னேம்மா.”

“எனக்கு அதுதான் ஞாபகம் இருக்கு” என்றாள். பிறகு, “பஸ் வந்துரும்யா” என்று குடையை நிமிர்த்திக்கொண்டு போனாள். அவர் வீடு வந்து சேர்வதற்குள் அவள் ஆலையில் இருபது கதவுக்குப் பட்டை ஒட்டியிருப்பாள்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஓடிவிட்டது. இரண்டு பேர் வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள்; வாங்கி வந்தவர்களுக்கு நாலு நிமிடம் என்பதால் விலை ஒன்றும் குறையவில்லை. பழைய ஆட்களுக்காகத் தெரு நடுவில் இரண்டு சிமெண்டு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு, முட்டிவலி, கரண்ட் பில் எல்லாம் அங்கேதான் பேசப்படுகிறது. போன வருஷம் மருந்துக்கடைக்காரர் காலமானார். அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பிய வண்டி சட்டென்று மெயின் ரோட்டை எட்டிவிட்டது. சர்வேயரும் மற்றவர்களும் பின்னால் நடந்து வரவேண்டியிருந்தது. டிரைவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு, அவர்கள் வந்து சேரும்வரை முக்கால் மணி நேரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.