பால் கட்டிய ஐந்தாம் நாள்

ஐப்பசி மழை மூன்று நாளாக விடாமல் பிடித்திருந்தது. செண்பகனூரிலிருந்து கொடைக்கானல் கடைத்தெருவுக்கு ஏறும் பாதையில் செபாஸ்டின் கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனான். வெள்ளைக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் அவனுக்குத் தச்சு வேலை. இன்று வேலைக்குப் போகவில்லை. அவன் பெண்டாட்டி கித்தேரியம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்து ஐந்தாவது நாள். குழந்தை பால் குடிக்கவில்லை.

முதல் இரண்டு நாள் ஏதோ சப்பியது. மூன்றாம் நாள் கித்தேரிக்கு மார் இரண்டும் கல்லாக இறுகி, உடம்பு காய்ச்சலாகக் கொதித்தது. குழந்தை வாயை வைக்கும், வழுக்கிவிடும், வீறிட்டு அழும். நேற்று சாயங்காலத்திலிருந்து அந்த அழுகையும் குறைந்துவிட்டது. காலையில் வந்து பார்த்த நர்சம்மா, "ஒடம்பு வத்திக்கிட்டு வருது. பாட்டிலும் டின் பாலும் வாங்கிட்டு வா, வெரசா" என்று சொல்லிவிட்டு அடுத்த பிரசவத்துக்குப் போய்விட்டாள்.

"பாட்டில் மட்டும் வேணாங்க" என்றாள் கித்தேரி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர்கள் பெரும்பாறையில் ஒரு காப்பித் தோட்டத்தில் இருந்தார்கள். மூத்தவன் அங்கேதான் பிறந்தான். அப்போதும் கித்தேரிக்கு இப்படித்தான் ஆனது. பாட்டில் வாங்கி, டின் பாலைக் கரைத்துக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் இருந்தான். வயிற்றோட்டம் கண்டு மூன்றே நாளில் போய்விட்டான். பாலா, தண்ணீரா, பாட்டிலா, எதனால் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு வேளையும் பாலைக் கரைத்தவன் செபாஸ்டின்தான்.

கடைத்தெருவில் முகைதீன் பாய் அப்போதுதான் கடையைத் திறந்து பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். படகு மாதிரி வளைந்து இரண்டு முனையிலும் ரப்பர் மாட்டிய கண்ணாடிப் பாட்டில். நிமிர்ந்து நிற்கிற இன்னொரு பாட்டில். இரண்டு தினுசு டின் பால். கடைசியாக, கண்ணாடிப் புனலின் பின்னால் சிவப்பு ரப்பர் பந்து செருகிய ஒரு சாமான்.

"இது என்ன பாய்?"

"பால் உறிஞ்சுற பம்பு. தொரைசானி ஒருத்தங்க கேட்டு வரவழைச்சேன். அவங்க கப்பலேறிப் போயிட்டாங்க. எதை எடுக்கட்டும்?"

செபாஸ்டின் எதையும் தொடவில்லை. மரமென்றால் தட்டிப் பார்த்தே உளுத்ததா நல்லதா என்று சொல்லிவிடுவான். இங்கே கண் முன்னால் இருந்த ஐந்து சாமானில் எது தன் பிள்ளையைப் பிழைக்க வைக்கும், எது கொல்லும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் தொங்கிய திரைக்குப் பின்னாலிருந்து பாயின் மனைவி ஃபக்ருன்னிசாவின் குரல் வந்தது.

"தாய்க்குப் பாலே ஊறலையா, ஊறியும் புள்ளைக்குப் பிடிக்கத் தெரியலையான்னு கேளுங்க."

பாய் அவனைப் பார்த்தார். இந்த ஐந்து நாளில் அதை அவன் கித்தேரியிடம் கேட்கவே இல்லை.

"ரவிக்கை நனைஞ்சு கெடக்கா தம்பி?" இந்தத் தடவை அந்தம்மா நேராகவே கேட்டாள்.

"நனைஞ்சுதான் கெடக்குங்க."

"அப்ப பால் இருக்கு. கட்டிக்கிச்சு. புள்ளைக்குத் துணி நனையுதா?"

"நேத்து ஒரு தரம். இன்னைக்கு இன்னும் இல்லைங்க."

சற்று நேரத்தில் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஃபக்ருன்னிசாவே வெளியே வந்தாள். ஆறு பிள்ளை பெற்று ஆறையும் தன் பாலிலேயே வளர்த்தவள். கையில் பிள்ளைக்குப் பால் புகட்டும் வெள்ளிச் சங்கு. "போயிட்டு வந்துர்றேன்" என்றாள். பாய் மழையைப் பார்த்தார், பிறகு குடையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"பம்பை எடுத்துக்கங்க தம்பி. டின் பாலும் ஒண்ணு இருக்கட்டும்."

"இதையும் அவ வேணாம்னு சொன்னா..."

"வேணாம்னா வேணாம். பையில கெடந்தா என்ன?"

வீட்டில் பக்கத்து வீட்டுக் கந்தம்மாள் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். குழந்தை தூங்கியது. உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது. ஃபக்ருன்னிசா அதன் உள்ளங்காலைச் சுண்டினாள். முகம் சுளித்தது, ஆனால் அழவில்லை.

"வெந்நி போடுங்க. சங்கைப் போட்டு நல்லாக் கொதிக்க விடுங்க. நீங்க இங்க நிக்க வேணாம்."

அடுப்படியில் குந்தியபடி அவன் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதைக் காதால் பார்த்துக்கொண்டிருந்தான். ரப்பர் பந்து புஸ் புஸ்ஸென்று காற்றை விட்டது. "வெடிச்சுப் போச்சு சனியன். அலமாரியிலேயே காஞ்சு கெடந்திருக்கு" என்றாள் அந்தம்மா. பம்பு மூலையில் போய் விழுகிற சத்தம். பிறகு வெந்நீர்த் துணியைப் பிழிகிற சத்தம். பிறகு கித்தேரி, பிள்ளை பெற்றபோதுகூடக் கத்தாதவள், "ஐயோ மாதாவே" என்று அலறினாள்.

"பொறுத்துக்க தாயி. கட்டி உடையணும். இந்தா, வருது பாரு."

"செவப்பா இருக்கே! ரத்தமா?" என்றாள் கித்தேரி.

"காம்பு வெடிச்சிருக்குல்ல, அந்த ரத்தம். புள்ளைய ஒண்ணும் பண்ணாது."

கொதித்த சங்கை அவன் துணியில் ஏந்திக் கொண்டுபோய்க் கொடுத்தான். பீச்சிய பால் கால் சங்குகூட இல்லை. முதல் சொட்டு கடைவாய் வழியே வழிந்துவிட்டது. இரண்டாவதும் வழிந்தது. கந்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்றாவதுக்குக் குழந்தையின் தொண்டை மெல்ல ஏறி இறங்கியது.

"முழுங்கிருச்சு" என்றாள் கித்தேரி. அவளுக்கே நம்பிக்கையில்லாத குரல்.

இருந்ததெல்லாம் தீர்ந்தது. குழந்தை வாயைத் திறந்து தேடியது. ஃபக்ருன்னிசா மறுபடி பீச்சிப் பார்த்தாள். இரண்டு சொட்டுக்கு மேல் வரவில்லை. "அடுத்த வேளைக்கு எளகிரும். இப்ப இதுக்குப் பத்தாது. டின் பாலைக் கொஞ்சம் கரைச்சு, சங்குலயே ஊத்துவோம். பாட்டிலும் வேணாம், ரப்பரும் வேணாம்."

செபாஸ்டின் டின்னைத் தொடாமல் விலகி நின்றான்.

"நான் கரைக்க மாட்டேன்" என்றான். "அந்தம்மாவையே கரைக்கச் சொல்லு. என் கை வேணாம் கித்தேரி."

கித்தேரி அவனைப் பார்த்தாள். மூன்று வருஷமாக இருவரும் பேசாமல் சுற்றிப் போன இடம் அது.

"அவனுக்கும் நீங்க நல்லதுக்குத்தான் கொடுத்தீங்க" என்றாள். "நீங்களே கரைங்க. இங்க வச்சுக் கரைங்க, நானும் பாக்குறேன்."

அவன் மூன்று தரம் கையைக் கழுவினான். டின்னைத் திறந்தான். கொதித்து ஆறிய தண்ணீரை ஃபக்ருன்னிசா சொன்ன அளவுக்கு ஊற்றினான். கரண்டியால் கட்டியில்லாமல் கலக்கிச் சங்கில் ஊற்றினான். குழந்தை அதையும் குடித்தது. அன்று முழுக்க அதன் வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூச்சு கொஞ்சம் வேகமாக வந்தாலும் எழுந்துவிடுவான். பொழுது சாயும் நேரத்தில் கந்தம்மாள் ஈரத்துணியைத் தூக்கிக் காட்டினாள். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவன் காலையிலிருந்து முதல் வாய்த் தண்ணீர் குடித்தான்.

டின் பால் அந்த ஒரு நாளோடு நின்றது. வெந்நீர்த் துணியும் கையுமாக நான்கு நாள் கித்தேரி பல்லைக் கடித்துக்கொண்டு பீச்சினாள். சங்கில்தான் ஊற்றினார்கள். காய்ச்சல் விட்டது, மார் இளகியது. ஒன்பதாம் நாள் காலை, மழை விட்டு வானம் வெறித்திருந்தது. செபாஸ்டின் உளிப்பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பியபோது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தான். குழந்தை மார்பைக் கவ்விப் பிடித்து, மூச்சு வாங்க வாங்க முழுங்கிக்கொண்டிருந்தது.

"வலிக்குதா?" என்று கேட்டான்.

"வலிக்குது. பேசாதீங்க, விட்டுரும்" என்றாள் கித்தேரி, கண்ணை எடுக்காமல். "போங்க, சோலிக்கு நேரமாகலையா?"

"ஆகுது" என்றான். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான்.