எட்டுக்கால் நீதிபதி

ஆம்ப்ளிஃபையர் மெக்கானிக்குக்கும் அவன் மாமனாருக்கும் ஒரே அறை, ஒரே ஃபேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் அடுத்தடுத்துச் சாய்ந்துவிடுவார்கள். பக்கத்து அறையில் அவன் மனைவி, நர்ஸ். இரவு வேலை முடித்து வந்து பகலில்தான் கண்மூட வேண்டும். மூட விட்டால்தானே.

"உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் இனிமே கடையில போய்ப் படுங்க," என்றாள் ஒருநாள், சிவந்த கண்களோடு. "யார் குறட்டை பெரிசோ அவர்."

கடை என்பது வாசலை ஒட்டிய தகரக் கொட்டகை. உச்சிவெயிலில் அங்கே ஈயம் தானாகவே உருகும் என்பான் மெக்கானிக்.

"நான் குறட்டையே விடுறதில்ல," என்றார் மாமனார்.

"நான் மூச்சு விடுறேனான்னே சந்தேகமா இருக்கும்," என்றான் மருமகன்.

"சுவர் வழியா ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது. நீங்களே முடிவு பண்ணுங்க."

மெக்கானிக் ஆப்-ஆம்ப் என்ற ஐசி சில்லு ஒன்றை எடுத்தான். கரப்பான் குஞ்சு அளவு, எட்டுக் கால். அதோடு இரண்டு மைக், சத்தத்தின் அளவை வோல்ட்டேஜாக மாற்ற நாலு சில்லறைச் சாமான், நடுவில் பூஜ்யம் போட்ட ஒரு மீட்டர்.

"இதுக்கு ரெண்டு காது மாமா. ஒண்ணு பிளஸ், ஒண்ணு மைனஸ். ரெண்டுக்கும் என்ன வித்தியாசமோ அதை மட்டும் ஊதிப் பெரிசாக்கும். முள்ளு சாயிற பக்கத்து ஆளு கடைக்குப் போகணும். என் மைக் பிளஸ், உங்க மைக் மைனஸ்."

"நான் எதுக்கு மைனஸ்?"

"மரியாதைக் குறைவில்ல மாமா, அது சும்மா பேரு."

"சும்மா பேருதானே, நீயே வச்சுக்கோ."

மாற்றிச் சால்டர் வைத்து, அவரவர் தலைமாட்டில் ஒரு மைக் கட்டிய பிறகுதான் மாமனார் தலையணையில் தலை வைத்தார். மனைவி மீட்டரோடு வாசற்படியில் உட்கார்ந்தாள். மாமனார் தாடியைச் சொறிந்தார். முள் பாய்ந்துபோய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

"தாடி சொறிஞ்சதுக்கே கடையா?"

மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவசரத்தில் ஃபீட்பேக் ரெசிஸ்டரை விட்டிருந்தான். "அது இல்லேன்னா இது லட்சம் மடங்கு பெருக்கும் மாமா. வெளியே வர்றதுல கொஞ்சத்தைத் திருப்பி மைனஸ் காதுலயே போடணும். அடக்கி வாசின்னு தனக்குத்தானே சொல்லிக்கும்."

"என் பொண்ணு உனக்குச் சொல்ற மாதிரியா?"

"அதேதான்."

ரெசிஸ்டர் ஏறியது. ஆனால் தாடிக்குப் பக்கத்தில் மைக் கூடவே கூடாது என்று மாமனார் அடம்பிடித்தார். மெக்கானிக்குக்கோ கண் செருகியது. இரண்டு மைக்கையும் கட்டில்களுக்கு நடுவே இருந்த நாற்காலியில் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிட்டுச் சாய்ந்தான்.

விழித்தபோது மனைவி ஃபேனை நிறுத்திவிட்டு நின்றிருந்தாள்.

"முள்ளு அசையவே இல்ல. நடுவுலயே நின்னுச்சு."

"பாத்தியா," என்று எழுந்து உட்கார்ந்தார் மாமனார். "யாருமே குறட்டை விடல."

"ஜன்னல் கண்ணாடி அதிருதுப்பா."

மெக்கானிக் நாற்காலியைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. "ரெண்டு மைக்கும் ஒரே இடத்துல இருந்துச்சு. ஒரே சத்தம்தான் ரெண்டு காதுலயும் விழுந்திருக்கு. பொதுவா வர்றதை அது கணக்குல எடுக்காது."

"சரி. பொதுவா என்ன வந்துச்சு?"

அவன் வாயைத் திறந்தான். மாமனார் கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

"குறட்டை," என்றான்.

"அப்ப ரெண்டு பேரும் பாயைச் சுருட்டுங்க."

தகரத்துக்கு அடியில், ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே, இருவரும் வியர்த்துக் கிடந்தார்கள்.

"மைனஸ் நீதானே," என்றார் மாமனார். "பேசாம நீ தோத்திருக்கலாம். நானாவது நல்லாத் தூங்கியிருப்பேன்."

சொன்ன வேகத்திலேயே அவர் குறட்டையை ஆரம்பித்துவிட்டார். சந்தேகத்துக்கே இடமில்லை, அவருடையதுதான் பெரியது. மெக்கானிக் துள்ளி எழுந்து ஓடினான். மனைவியின் கதவைத் தட்டக் கை ஓங்கியவன், அவள் தூங்குகிறாள் என்பது உறைத்ததும் ஓங்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பினான்.