சட்டம் செய்யுமிடம்

விடிந்தும் விடியாத நேரத்தில் எங்கள் பட்டறையில் ரம்பம் கத்தத் தொடங்கிவிடும். ஜன்னலுக்கும் கதவுக்கும் மரச்சட்டம் செய்கிற பட்டறை. ஈர மரம் அறுபடும்போது புளித்த வாடை எழும். தூள் மூக்கில் ஏறித் தொண்டையில் இறங்கி, தூக்கத்திலும் இருமலாக வரும். நான் உப்புத்தாள் தேய்க்கிறவள். பத்து விரலிலும் ரேகை அழிந்துவிட்டது. ஆனாலும் பத்தும் இருக்கின்றன. என் வீட்டுக்காரருக்கு ஏழுதான்.

வலது கையில் மூன்றைத் தின்றது அந்த வட்ட ரம்பம். அதற்கு ஒரு மூடி இருந்திருந்தால் இன்றைக்கு அவர் மூலையில் தூள் அள்ளிக்கொண்டிருக்க மாட்டார். இப்போது அதே ரம்பத்தின் முன்னால் என் கொழுந்தன் நிற்கிறான். மூடி இன்னும் வரவில்லை. மூடி போட்டால் வேகம் குறையும் என்பது முதலாளியின் கவலை.

மூடி போட வேண்டும் என்று சட்டப் புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது. ஆனால் ஒரே கூரையின் கீழ் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாம். நாங்கள் பதினேழு பேர். அந்தத் தைரியத்தில் வழக்குப் போடப்போவதாகச் சொன்னோம். அடுத்த வாரமே முதலாளி எங்கள் மூத்த தச்சர் அரைநூல் அண்ணனைக் கூப்பிட்டார். அளவில் அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, பிசகினாலும் பொறுக்க மாட்டார் என்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

"உள்ள ஒரே இருட்டா இருக்கு. கூரைக்கு நடுவுல ஒரு சாண் அகலத்துக்குத் தகரத்த வெட்டி எடுத்துடு. வெளிச்சம் வரட்டும்."

முதலாளிக்கும் மனசு இருக்கிறது என்று பூரித்துப்போய் நாங்கள்தான் ஏணி பிடித்தோம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அண்ணன் பிசகாமல் வெட்டினார். கோர்ட்டுக்குப் போனால், ஒரு கூரை இரண்டாகியிருந்தது. ரம்பம் இருக்கும் பக்கம் ஒன்பது பேர், நான் இருக்கும் பக்கம் எட்டுப் பேர். ஆகவே இரண்டுமே தொழிற்சாலை இல்லை.

சாட்சி சொல்லப் போன அண்ணனிடம், "சட்டத்தப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று நீதிபதி கேட்டாராம்.

"மூலை சரியா இருக்கணுங்க ஐயா. இல்லன்னா எந்தச் சட்டமும் கோணிக்கும்."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதியும் சிரித்துவிட்டு, எங்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்.

பிறகு சட்டசபையில் திருத்தம் வந்தது. 'ஒரே கூரை' என்பதை எடுத்துவிட்டு 'ஒரே முதலாளி' என்று போட்டார்கள். இனிப்பு வாங்கித் தின்றோம். அதுவும் ஆயிற்று இரண்டு வருடம். நேற்று சாயங்காலம் எங்கள் வக்கீலம்மா வாசலில் வந்து நின்றபோதே முகம் சரியில்லை.

"மேல்கோர்ட்டுலயும் நம்ம கேசத் தள்ளிட்டாங்க. திருத்தம் பாஸ் ஆனது நெஜம்தான். ஆனா அரசாங்கம் என்னிக்குத் தேதி அறிவிக்குதோ அன்னிலேருந்துதான் அமலுக்கு வரும். அதுவரைக்கும் பழைய சட்டம்தான்."

"எப்பங்க அறிவிப்பாங்க?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கோர்ட்டு சட்டசபையைக் கை காட்டுகிறது. சட்டசபை அரசாங்கத்தைக் கை காட்டுகிறது. அரசாங்கமோ, கோர்ட்டில் வழக்கு இருக்கிறதே என்கிறது. காட்டுவதற்கு அவர்களுக்கெல்லாம் விரல் இருக்கிறது.

இன்று காலையில் தூறல். அண்ணன் வெட்டிய வெட்டு வழியாகச் சாரல் ரம்ப மேசையில் விழுந்துகொண்டிருந்தது. ஈரத்தில் மரம் வழுக்கி உதறியது. கொழுந்தனின் சட்டைக் கையை ரம்பப் பல் கவ்வி, முழங்கை வரை கிழித்தது. நல்லவேளை, சதையில் படவில்லை. அவன் ரம்பத்தை நிறுத்தினான்.

"என்னால முடியாது அண்ணி" என்றான்.

உப்புத்தாளைக் கீழே போட்டுவிட்டு நான் அந்தப் பக்கம் போனேன். திரும்பிப் பார்த்தால் மற்ற ஏழு பேரும் என் பின்னால் வந்திருந்தார்கள். அரைநூல் அண்ணன் தன் மேசைக்கடியிலிருந்து எதையோ இழுத்தார். நாலு சட்டம் கோத்து, கம்பி வலை அடித்த மூடி. என்றைக்குச் செய்தாரோ தெரியவில்லை.

"வெட்டுனது என் கைதானே" என்றார், யாரையும் பார்க்காமல்.

ரம்பச் சத்தம் நின்றதுமே முதலாளி ஓடி வந்தார்.

"என்ன இங்க கூட்டம்? அந்தப் பக்கத்து ஆளுங்க அந்தப் பக்கம் போங்க!"

"எண்ணிப் பாருங்க முதலாளி. ஒரே கூரைக்கு அடியில பதினேழு பேரு" என்றேன்.

"கோர்ட்டே சொல்லிடுச்சு, உனக்கு என்ன வாய்? வேகம் கொறஞ்சா ஆர்டர் போயிடும். அப்புறம் சோத்துக்கு என்ன பண்ணுவீங்க?"

"வெரல் போயிட்டா அந்தச் சோத்த எதால சாப்பிடுறதுங்க?" என்றான் கொழுந்தன். "மூடி ஏறாம ரம்பம் ஓடாது."

முதலாளியின் பார்வை மூடியின்மேல் விழுந்தது. முகம் சிவந்துவிட்டது.

"என்னடா, சட்டத்தக் கையில எடுக்கறீங்களா? போலீசக் கூப்பிடுவேன்!"

விபத்துக்குப் பிறகு முதலாளி முன்னால் வாயே திறக்காத என் வீட்டுக்காரர், தூள் கூடையைக் கீழே வைத்தார். வலது கையில் மிச்சமிருந்த இரண்டு விரலையும் வலைக்குள் கொடுத்து, மூடியைத் தூக்கினார்.

"ஆமாங்க முதலாளி. சட்டம் செய்யறது எங்க தொழில்தானே."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தோம். முதலாளி போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். வெளிக் கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது. போலீஸ் வரலாம். நாளைக்குப் பட்டறையே பூட்டிக் கிடக்கலாம். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த மூடியின் ஓரத்தில் நானும் கை கொடுத்தேன். இடம் கிடைத்தவர்கள் எல்லோரும் கொடுத்தார்கள்.

அண்ணன் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"எடது பக்கம் அரை நூல் தள்ளுங்க."

தள்ளினோம்.