பின்பாட்டு

"இதுல உன் பேரு இல்லையேடா," என்றாள் அம்மா, கடிதத்தை இரண்டாம் முறையும் திருப்பிப் பார்த்துவிட்டு. "அவ பேருதான் இருக்கு."

பாட்டு வாத்தியாரின் கை தட்டிலேயே நின்றது. இசை மன்றத்தின் உறை. அதில் தன் பெயர் வரும் என்று பதினோரு வருஷமாகத் தபால்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். வந்திருப்பதோ இளம் குரல்களுக்கான தேர்வுக்கு அழைப்பு. தேர்வானால் வருஷம் முழுக்கத் தனிக் கச்சேரி. அழைப்பு அவருடைய மனைவிக்கு.

அவள் கரண்டியோடு அடுக்களை வாசலில் நின்றாள்.

"நீயா எழுதிப் போட்ட?"

"ஆமாங்க. போன மாசம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"கூப்பிட மாட்டாங்கன்னு நினைச்சேன்."

அம்மா கடிதத்தைத் தண்ணீர்ச் செம்புக்கு அடியில் வைத்தாள். "புருஷனுக்குப் பின்னால உக்காந்து பாடினா அது லட்சணம். தனியா மேடை ஏறினா உனக்கு எங்கடா மரியாதை?"

வாத்தியாருக்குத் தெருவில் முற்போக்கான ஆள் என்று பெயர். பெண்டாட்டியை மேடையில் கூடவே உட்கார வைத்துப் பாடுகிற மனிதன் என்று நாலு பேர் மெச்சியிருக்கிறார்கள். அந்தப் பெயரை ஒரே நாளில் கெடுத்துக்கொள்ள முடியுமா?

"போகட்டும்மா," என்றார். "நானே தயார் பண்றேன்."

சொல்லிவிட்டு, பாதிச் சாப்பாட்டிலேயே கை கழுவ எழுந்தார்.

அவருக்கு முப்பத்தெட்டு வயது. அவளுக்கு இருபத்து நாலு. கல்யாணத்துக்கு முன் எட்டு வருஷம் முறையாகப் படித்தவள். கல்யாணமான மூன்று வருஷமாக அவர் கச்சேரிகளில் பின்பாட்டு. சுவரொட்டியில் அவர் பெயர் மட்டும் இருக்கும். அறிவிப்பாளர் மட்டும் போனால் போகிறதென்று, "உடன் பாடுபவர் அவரது துணைவியார்" என்பார்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கே பயிற்சி ஆரம்பமானது. வாத்தியார் ஏனோதானோ என்று சொல்லிக் கொடுக்கவில்லை. உச்சரிப்பைத் திருத்தினார், தாளத்தைத் திருத்தினார், எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று வரிசை போட்டுக் கொடுத்தார். ஒன்றை மட்டும் தொடவில்லை. சுருதிப்பெட்டியின் திருகு ஒரு கட்டையிலேயே இருந்தது. அது அவருடைய சுருதி. ஆண் குரலின் உயரம். அதில் கீழே இறங்கினால் அவள் குரல் வெறும் காற்றாகப் போகும்.

மூன்றாம் நாள் அவளே கேட்டாள். "ஏங்க, அஞ்சு கட்டைக்கு ஏத்தி வச்சுக்கட்டுமா? இதுல எனக்குக் கீழ குரலே வரல."

"வரலைன்னா இன்னும் சாதகம் பண்ணணும். மாசத்துக்கு நாலு கச்சேரி என்கூடப் பாடற. ரெண்டு சுருதியில பாடினா ரெண்டும் கெட்டுப் போகும்."

அவள் பாட ஆரம்பித்தாள். கீழே தடுமாறினாள். தடுமாறியபோது அவர் மனசுக்கு இதமாக இருந்தது. அப்படி இருந்ததை அவரே கவனித்தார். கவனித்த சங்கடத்தில் இன்னும் நாலு திருத்தம் கூடுதலாகச் சொன்னார்.

ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரம் திரும்பினார். மாடிப்படி ஏறும்போது மேலே யாரோ பாடுவது கேட்டது. யாரோ என்ன யாரோ, அவள்தான். துணி உலர்த்திக்கொண்டே, பெட்டியும் இல்லாமல் தாளமும் இல்லாமல், தன் உயரத்தில் பாடிக்கொண்டிருந்தாள். குரல் கீழே இறங்கியது. இறங்கிய இடத்திலும் முழுசாக நின்றது. மேலே போனது, போனதே தெரியாமல் போனது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் பாதிப் படியில் நின்றார். அவர் இருபது வருஷம் தொண்டை கிழியப் பாடியும் ஒருநாள்கூட அவரிடம் வராத ஒன்று, ஈரத் துணிக்கு நடுவில் சும்மா வந்துகொண்டிருந்தது. நெஞ்சுக்குக் கீழே திகுதிகுவென்று எரிந்தது. பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க அவர் ஒப்பவில்லை.

மேலே போய், "நாலு துணி காயப்போட இவ்வளவு நேரமா?" என்றார்.

பாட்டு நின்றது.

தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு, ஒத்திகைக்கு வயலின்காரர் வந்தார். தந்தியை மீட்டிப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார். "தம்பி, இது உங்க சுருதியாச்சே. பாடப்போறது அந்தப் பொண்ணுல்ல?"

"எங்க வீட்ல எல்லாருக்கும் ஒரே சுருதிதாண்ணே."

வயலின்காரர் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

தேர்வு நாளன்று மன்றத்தில் மூன்று நடுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அன்று அவள் முன்னால். வாத்தியார் சுருதிப்பெட்டியோடு பின்னால். பாட ஆரம்பிக்கும் முன் அவள் திரும்பி, அவர் மடியிலிருந்த பெட்டியை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்தாள். திருகை ஐந்து கட்டைக்குத் திருப்பினாள். வயலின்காரர் மறுபேச்சில்லாமல் தந்தியை முறுக்கினார்.

"உனக்குப் பழக்கம் இல்ல," என்றார் வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"எட்டு வருஷப் பழக்கங்க."

பாடினாள். இரண்டாவது பாட்டில் மூத்த நடுவர் அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். எங்காவது ஒரு இடத்தில் சறுக்காதா என்று காத்திருந்த வாத்தியாருக்கு, சறுக்காது என்பது எல்லோருக்கும் முன்பே தெரிந்துவிட்டது. காது அப்படிப்பட்ட காது.

முடிந்ததும் நடுவர் அம்மாள் அவரைப் பார்த்தாள். "ரொம்ப நல்லாத் தயார் பண்ணியிருக்கீங்க சார்."

வாத்தியார் இரண்டு கையையும் கூப்பி அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டார். அவள் குனிந்து சுருதிப்பெட்டியை நிறுத்திக்கொண்டிருந்தாள்.

அவள் தேர்வானாள். "எல்லாம் என் பையன் போட்ட பிச்சை," என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாத்தியாருக்குக் கச்சேரி. மேடைக்குப் பக்கத்து அறையில் அவள், "நான் கீழ உக்காந்து கேக்கறேன்," என்றாள்.

"என்ன விளையாடறியா? ஆள் எல்லாம் வந்து உக்காந்தாச்சு."

"ரெண்டு சுருதியில பாடினா ரெண்டும் கெட்டுடும்னு நீங்கதான சொன்னீங்க. எனக்கு இனிமே ஒண்ணு போதும்."

குரலை உயர்த்தாமல் சொன்னாள். போய் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

வாத்தியார் தனியாகப் பாடினார். ஆரம்பம் குறையில்லை. முக்கியமான பாட்டில் மேலே ஏறவேண்டிய இடம் வந்தது. வழக்கமாக அரங்கம் கை தட்டுகிற இடம். ஏறினார். குரல் பிளந்தது. இன்னொரு தடவை போய்ப் பார்த்தார். அங்கே நிற்பதற்கு ஒன்றும் இல்லை. மூன்று வருஷமாக அந்த இடத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் வந்து நின்றுகொண்டிருந்தது. அதைத் தன் குரல் என்றே அவரும் நம்பியிருந்தார்.

கச்சேரி முடிந்ததும் எப்போதும் முதல் வரிசையில் உட்காரும் ஓய்வுபெற்ற மருந்தாளுநர், மேடையருகே செருப்பு மாட்டிக்கொண்டிருந்த வாத்தியாரிடம் வந்தார். அம்மாவும் அவளும் பக்கத்தில் நின்றார்கள். "உடம்பு சரியில்லையா சார்? மேல போற இடத்துல உங்க குரல் கம்பி மாதிரி நிக்குமே. இன்னைக்கு என்ன ஆச்சு?"

"ரெண்டு நாளாத் தொண்டை கட்டியிருக்கு," என்றார் வாத்தியார்.

அம்மா பதறிப்போய் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியா? ரெண்டு நாளாவாம். கூடவே இருக்கற, கவனிக்க மாட்டியா? போனதும் கஷாயம் வச்சுக் குடு."

"தொண்டைக்கு ஒண்ணும் இல்ல அத்தை," என்றாள் அவள். "அவருக்கே தெரியும்."

அம்மா மகனின் முகத்தைப் பார்த்தாள். அவர் குனிந்து, கட்டாத செருப்பு வாரைக் கட்டத் தொடங்கினார்.