வெள்ளை மிசோ

எங்கள் ஊரில் வாசலில் தொங்கும் வைக்கோல் புரியை வருஷம் முழுக்கக் கழற்ற மாட்டோம். மற்ற ஊர்க்காரர்கள் புத்தாண்டு முடிந்ததும் கழற்றி எரித்துவிடுவார்கள். எங்கள் தக்காச்சிஹோவில் சாமிகள் வருஷமெல்லாம் குடியிருக்கிறார்கள் என்பது நம்பிக்கை, அதனால் புரியும் வருஷமெல்லாம் தொங்கும். வீட்டிலோ ரத்த உறவிலோ சாவு விழுந்தால் மட்டும்தான் இறங்கும். அந்த வீட்டுக்காரன் அந்த வருஷம் சாமி வேஷம் கட்டி ஆடுகிற ககுரா ஆட்டத்தில் முகமூடி போடக்கூடாது, ஆட்டம் நடக்கிற வீட்டு வாசற்படியை மிதிக்கவும் கூடாது. தீட்டு.

இது தெரிந்துதான் தொகிமாசா தன் அண்ணன் செத்த செய்தியைத் தொலைபேசியிலேயே அமுக்கிவிட்டான்.

ஒசாகாவிலிருந்து அண்ணன் மகள் பேசினாளாம். "சித்தப்பா, அப்பா போயிட்டாரு" என்றாளாம். இவன், இங்கே அப்படி யாரும் இல்லை, தப்பான எண்ணுக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று சொல்லி வைத்துவிட்டான். பக்கத்தில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி மித்சுயோ அதை என்னிடம் வந்து சொன்னாள். சொல்லும்போதே வாயைப் பொத்திக்கொண்டாள். என்னிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி என்று அவளுக்குத் தெரியும். பொழுது சாய்வதற்குள் மலைமேல் இருக்கிற எங்கள் குடியிருப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது.

யாரும் வாய் திறக்கவில்லை. காரணம் உண்டு. அந்த வருஷம் ஆட்டம் எங்கள் வீட்டில். முன்பெல்லாம் சாயங்காலம் தொடங்கி விடிய விடிய ஆடுவார்கள். இப்போது ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் மூத்திரத் தொந்தரவு வந்துவிட்ட வயசு. அதனால் காலையில் தொடங்கி இருட்டுவதற்குள் முடித்துவிடுகிறோம். தம்பி செய்த அட்டூழியம் தாங்காமல் குகைக்குள் போய் அடைத்துக்கொண்ட சூரிய அம்மன், எங்கள் ஊரில் பிற்பகல் மூன்று மணிக்கு வெளியே வருகிறாள். அந்தக் குகைக்கதவைப் பிடுங்கி எறிகிற சாமியின் ஆட்டத்துக்குத்தான் கூட்டம் வரும். அதைக் காலங்காலமாக ஆடிய கெந்தாரோவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆகிவிட்டது. மிச்சமிருக்கிற ஒரே ஆள் தொகிமாசா. அவனை விட்டால் கதவு மூடியபடியே கிடக்கும், அம்மன் உள்ளேயே இருப்பாள், நான் சமைத்ததை நாய்தான் தின்னும்.

அவனுக்கும் அது உயிர். அண்ணன் ஹருயோஷிதான் அந்த வேஷத்துக்குப் பிறந்தவன் என்று இந்த ஊர் அவன் காதுபடச் சொல்லிக்கொண்டே இருந்தது. ஹருயோஷி மூத்தவன், வீடும் வயலும் குடும்பக் கல்லறையும் அவனுக்கு வரவேண்டியவை. பள்ளத்தாக்கில் வாடகைப் படகு தள்ளிக்கொண்டிருந்தவன், ஒரு நாள் சீட்டுக் கொடுக்கிற பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஒசாகா போய்விட்டான். அப்பன் அவன் பேரை வீட்டில் சொல்லக்கூடாது என்றார். எல்லாம் தம்பிக்கு வந்தது, பேர் மட்டும் வரவில்லை. "அவன் தோள் மாதிரி வருமா?" என்று கெந்தாரோ குடிக்கும்போதெல்லாம் கேட்பான். தொகிமாசா சிரித்துக்கொண்டே அவனுக்கு ஊற்றிக் கொடுப்பான். இப்போது ஐம்பத்தெட்டு வயசில் முகமூடி கைக்கு வந்திருக்கிறது. அதை ஒரு தொலைபேசிக்குக் கொடுப்பானா?

பூசாரிக்கும் விஷயம் தெரியும். "எங்கிட்ட யாரும் எதுவும் சொல்லல" என்று தானாகவே இரண்டு பேரிடம் சொல்லிவிட்டுப் போனார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் எல்லோருமாகச் சேர்ந்து சோறு போட்டு மறைத்தோம்.

ஆட்டத்தன்று காலை அந்தப் பெண் வந்து நின்றாள்.

ஆட்டக்காரர்கள் வெள்ளை உடுப்போடு வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பீப்பாயிலிருந்து மிசோவை வழித்துக் காட்டுப்பன்றிக் குழம்பில் கரைத்துக்கொண்டிருந்தேன். சோயாவை உப்பிட்டு நானே புளிக்கவைத்த மிசோ, கறுத்து நல்ல உப்பாக இருக்கும். வாசலில் முப்பது வயசுக்காரி ஒருத்தி, கால்சட்டை முழங்கால்வரை நனைந்து, ஊதாத் துணியில் கட்டிய ஒரு பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். பள்ளத்தாக்கில் படகு ஓட்டிவிட்டு அருவியில் நனைந்து வருகிறவர்களை நாங்கள் தினமும் பார்க்கிறோம். அதனால் முதலில் யாரும் கவனிக்கவில்லை. அவள் தலை நிமிர்ந்ததும் கெந்தாரோவின் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சி நின்றது. அதே தாடை, அதே தோள்.

அவள் குனிந்து வணங்கி, தன் பேர் சினாமி என்றாள். பிறகு நேராக அவனைப் பார்த்தாள்.

"சித்தப்பா, போன்ல பேசினது நான்தான். அப்பாவ..."

"என்னம்மா, வழி தப்பி வந்துட்டியா?" என்று தொகிமாசா குறுக்கே விழுந்தான். குரலில் ஒரு பிசிறு இல்லை. "பள்ளத்தாக்கு பாக்க வர்றவங்க பாதிப் பேரு இப்படித்தான் மேல ஏறி வந்துடுறாங்க. வந்தது வந்துட்ட. உக்காந்து சாப்பிட்டுட்டு ஆட்டம் பாத்துட்டுப் போ."

செத்தான் என்கிற அந்த ஒரு வார்த்தை என் வீட்டுக்குள் விழாதவரை வீடு சுத்தம். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பூசாரி கை கழுவ வேண்டுமென்று எழுந்து கொல்லைப்பக்கம் போனார். மித்சுயோ குனிந்த தலை நிமிரவில்லை. கெந்தாரோ சிரித்தான்.

"ஊர்ல பாக்குறவன எல்லாம் சித்தப்பாங்குது பாரு. நாளைக்கு என்னப் பாத்து மாமாங்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். மறுபடி வாயைத் திறக்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் அகப்பையைப் போட்டுவிட்டுப் போய், "வாம்மா, வா, சாமிக்குக் கொண்டு வந்ததா, குடு இப்படி" என்று அந்தப் பெட்டியைப் பிடித்தேன். ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் ஷோச்சூ சாராயம் ஒன்றோ இரண்டோ சாமிக்கென்று கொண்டு வருவது வழக்கம். மேடையில் அடுக்கி வைத்து, ஆட்டம் முடிந்ததும் ஆடியவர்களுக்குப் பங்கு போடுவோம். ஜாடியில் வருகிற விலைகூடிய சாராயம் இந்த அளவுப் பெட்டியில்தான் இருக்கும். அவள் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள், நான் இழுத்தேன். அவள் என்னைப் பார்த்தாள், தொகிமாசாவைப் பார்த்தாள். அவன் குழம்பை உறிஞ்சிக்கொண்டிருந்தான். சட்டென்று கையை விட்டாள்.

"பத்திரமா வைங்க" என்றாள்.

அதில் இருந்தது ஹருயோஷி. ஒசாகாவில் எரித்த பிறகு எலும்பை முழுக்கக் கொடுக்க மாட்டார்கள், கொஞ்சம்தான் எடுத்து ஒரு சின்ன வெள்ளை ஜாடியில் போட்டுக் கொடுப்பார்கள். அவனைக் குடும்பக் கல்லறையில் வைக்கத்தான் அவள் வந்திருந்தாள். ஊர்ப் பெண்டுகளுக்கெல்லாம் சட்டம் பேசுகிற நான், பிணத்தின் எலும்பைக் கொண்டுபோய் சாமிமேடையில், வைக்கோல் புரிக்கு அடியில், சாராயப் புட்டிகளுக்கு நடுவில் வைத்தேன். புட்டிகளைவிடப் பெரிதாக இருந்ததால் முன்வரிசையில் வைத்தேன்.

ஆட்டம் நடந்தது. சினாமி முன்னால் உட்கார்ந்து சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மூங்கிலில் சுடவைத்த சாராயத்தை அவளுக்கும் கொடுத்தேன், அதை மட்டும் குடித்தாள். மூன்று மணிக்கு முரசு மாறியது. சிவப்பு முகமூடியோடு தொகிமாசா இறங்கினான்.

நன்றாக ஆடினான். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். கால் ஓர் இடத்தில் பிசகவில்லை, கதவுப் பலகையைத் தலைக்குமேல் தூக்கியபோது ஒரு நடுக்கம் இல்லை. இந்த வீட்டில் எத்தனையோ பேர் ஆடிப் பார்த்திருக்கிறேன், இப்படிப் பார்த்ததில்லை. முரசுக்கு உட்கார்ந்திருந்த கெந்தாரோவே அடிப்பதை மறந்தான். பலகையை எறிந்து உள்ளே அம்மன் தெரிந்தபோது என் கண்ணில் தண்ணீர் வந்தது. அவன் மேடையைப் பார்த்து மண்டியிட்டுக் கும்பிட்டான். அவன் நெற்றிக்கு நேரே அந்த ஊதாத் துணி. சினாமி மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினாள்.

முடிந்து பாதிக் கூட்டம் இறங்கிப் போன பிறகு பங்கு போட உட்கார்ந்தோம். கதவைத் திறந்தவனுக்குத்தான் முதல் பங்கு. என் புருஷன் பெரிய பெட்டியாகப் பார்த்து எடுத்து தொகிமாசாவின் மடியில் வைத்தார். "உன் ஆட்டத்துக்கு இதக்கூடக் குடுக்கலன்னா எப்படி" என்றார். வியர்வை சொட்டச் சொட்ட, வாய்கொள்ளாச் சிரிப்போடு அவன் முடிச்சை அவிழ்த்தான்.

வெள்ளைப் பெட்டி, உள்ளே வெள்ளை ஜாடி.

அந்த ஜாடியைத் தெரியாதவர்கள் யார் இருக்கிறார்கள்? என் வீடு, மேடை, புரி, முகமூடிகள், காலையிலிருந்து ஆடிய அத்தனை ஆட்டமும் தீட்டு. சினாமி எழுந்து வந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவன் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அவன் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிவப்பெல்லாம் இறங்கியது. அண்ணா என்று சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். உதடுகூட அசைந்தது.

"என்னடா அது?" என்று கெந்தாரோ கேட்டான். கேள்வி மாதிரி இல்லை, மிரட்டல் மாதிரி இருந்தது.

தொகிமாசா மூடியை மூடினான். "மிசோ" என்றான்.

பூசாரி மேலே தொங்குகிற காகிதப் பூவேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒசாகாப் பக்கம் மிசோ வெள்ளையாத்தான் இருக்கும்" என்றான் கெந்தாரோ. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், இனிப்பான மிசோ அது, வாயில் வைக்க விளங்காது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். என் புருஷன் அடுத்த புட்டியை எடுத்து அடுத்த ஆளுக்குக் கொடுத்தார்.

சினாமி அந்தச் சிரிப்பு அடங்கும்வரை இருந்தாள். பிறகு துணியை எடுத்து, தானே பெட்டியை மறுபடி கட்டி, அவன் மடியில் நேராக வைத்தாள்.

"சித்தப்பா, அத வெளிய வெச்சுராதீங்க. குளிர் தாங்காது" என்றாள்.

பேருந்து நிறுத்தம்வரை நான் கூடப் போனேன். அவள் அங்கே யாரிடமும் எதையும் உளறிவிடக்கூடாது என்றுதான் போனேன், இரக்கப்பட்டெல்லாம் இல்லை. காலையில் அப்பாவைப் படகில் முன்பக்கம் உட்காரவைத்து அருவிவரை ஓட்டிக் காட்டியதாகச் சொன்னாள். படகுக்காரர் பெட்டியைப் பார்த்து, அதுக்கும் ஒரு மிதவைச் சட்டை தரட்டுமா என்று கேலி செய்தாராம். அதைச் சொல்லி அவளே சிரித்தாள். "எப்படியும் வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போயிருவாரு. நாளைக்கு யாருக்கும் தெரியாமக் கல்லறையில வெச்சிருவாரு, இல்லைங்களா?" என்று கேட்டாள். வெச்சிருவான், தம்பிதானே என்றேன். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவன் வைக்கவில்லை. கல்லறைக் கல்லை நகர்த்த நாலு ஆள் வேண்டும், பௌத்தச் சாமியார் வந்து மந்திரம் ஓதவேண்டும், வாசல் புரி இறங்கவேண்டும். புரி இறங்கினால் அடுத்த வருஷம் முகமூடி இல்லை. குளிர்காலத்தில் மித்சுயோவிடம் உப்பு வாங்கப் போனபோது களஞ்சியத்தில் அதைப் பார்த்தேன். மிசோப் பீப்பாய்களுக்கு நடுவில் இருந்தது. மித்சுயோ தன் பழைய கம்பளிச் சட்டையை அதற்குச் சுற்றி, சட்டைக் கைகளை முன்னால் முடிந்திருந்தாள். நான் பார்த்ததைப் பார்த்து, "மிசோன்னு சொல்லியாச்சு, வேற எங்கதான் வெக்கிறது?" என்றாள். அந்தப் பீப்பாய்களிலிருந்து எடுத்துத்தான் அவர்கள் தினமும் சாறு வைக்கிறார்கள்.

அடுத்த வருஷ ஆட்டம் கெந்தாரோ வீட்டில். நான் பரிமாறப் போயிருந்தேன். சினாமி வந்தாள். இந்த முறை முறைப்படி இரண்டு புட்டி ஷோச்சூ கொண்டுவந்து வாசலில் கொடுத்தாள். யாரோ வெளியூர்க்காரி என்று எல்லோரும் வரவேற்றோம். வெள்ளை உடுப்போடு சாப்பிட்டுக்கொண்டிருந்த தொகிமாசாவின் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"போன வருஷம் குடுத்த மிசோவ என்ன பண்ணினீங்க, சித்தப்பா?"

மித்சுயோவின் கையிலிருந்த கிண்ணம் தரையில் விழுந்தது. தொகிமாசா நிதானமாக மென்று விழுங்கினான்.

"இருக்கும்மா. களஞ்சியத்துலயே இருக்கு."

அவள் கண் நிறைந்தது. அழுதுவிடுவாள், அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவாள் என்று நான் குழம்புச் சட்டியோடு அவள் பக்கத்தில் போனேன். வாசலில் ஆள் வந்துகொண்டிருந்தார்கள். சிவப்பு முகமூடி மேடையில் தயாராக இருந்தது.

"அங்க குளிருமே" என்றாள், அவ்வளவுதான்.

"மிசோவுக்கு என்னம்மா குளிரு?" என்றான் கெந்தாரோ.

எல்லோரும் சிரித்தோம். நான் அவளுக்குக் குழம்பு ஊற்றினேன்.