துணி அறைச் சாவி

குமாசி ஆஸ்பத்திரியில் எங்கள் பெண்கள் வார்டுக்குப் பொறுப்பாளர் கொனாடு மேடம். யாரையும் நம்ப மாட்டார். நான் விரித்த படுக்கையைப் பிரித்து மறுபடி விரிப்பார். நான் பார்த்த காய்ச்சலை மறுபடி பார்ப்பார். துணி அறைச் சாவிகூட அவர் கழுத்தில்தான். ஒரு தலையணை உறை வேண்டுமென்றாலும் அவரே போய் எடுத்து வருவார். காலையில் வாங்கிய வாச்சே சோற்றுப் பொட்டலம் சாயங்காலம்வரை பிரிக்காமல் கிடக்கும். லீவு எடுத்து மூன்று வருஷம் ஆகிறது. போன மாதம் மயங்கி விழுந்தார். கண் விழித்ததும், தன்னைத் தூக்கிய விதம் தப்பு என்று எங்களுக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தார்.

தலைமை அலுவலகத்திலிருந்து பன்னிரண்டு படிவங்கள் வந்தன. வேலையில் நொந்து நூலானவர்களைக் கண்டுபிடித்து இரண்டு வாரம் கட்டாய லீவு தருவார்களாம். அப்பாடா, மேடம் பிழைத்தார் என்று நினைத்தேன்.

"நீங்க எழுதினா தப்பும் தவறுமா எழுதுவீங்க," என்று எங்கள் பதினொன்றையும் அவரே எழுதினார், ஆளுக்கொரு பேனாவில். கடைசியில் தன்னுடையதை என்னிடம் நீட்டினார்.

"போக்குவா, இத நீ எழுதிடு. எனக்கு நேரமில்ல."

பதினாறு வருஷத்தில் அவர் இன்னொருவருக்குக் கொடுத்த முதல் வேலை அது. உண்மையை எழுதினால் என்னைத் தொலைத்துவிடுவார். களைப்பு: கிடையாது. கவலை: கிடையாது. தூக்கம்: பிரமாதம். இப்படி எழுதிக் கொடுத்த கோழை நான்தான்.

அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து அம்போஃபோ என்பவர் பேயறைந்த முகத்தோடு வந்தார்.

"என்னம்மா வார்டு இது? பதினோரு பேரும் கனவுல தெர்மாமீட்டர் எண்ணுறாங்க. பதினோரு பேரும் செவ்வாய்க்கிழமை ஆனா துணி அறையில கதவ சாத்திக்கிட்டு அழுவுறாங்க. நாளையிலேர்ந்து எல்லாருக்கும் லீவு. மேடம் ஒருத்தங்கதான் கல்லு மாதிரி இருக்காங்க, தனியா சமாளிச்சுக்குவாங்க."

நாங்கள் யாரும் துணி அறைக்குள் போனதே இல்லை. ஒவ்வொருவர் பார்வையாக மேடத்தின் கழுத்துக்குப் போனது. நான் ஒரு அடி முன்னால் வந்தேன்.

"சார், மேடம் பேப்பர எழுதினது நான். எங்க பேப்பர எல்லாம் எழுதினது அவங்க."

திட்டு விழும் என்று நின்றேன். மேடம் சாவிக் கயிற்றைக் கழற்றி நீட்டினார். பிடித்து இழுத்தேன். விடவில்லை.

"உறை நாப்பது இருக்கு. எண்ணிடு."

"எண்ணிடுறேன், மேடம்."

"ரெண்டு தடவ."

"ரெண்டு தடவ எண்ணுறேன். விடுங்க."

விட்டார். அன்று புதன்கிழமை. அத்தனை பேர் முன்னாலும், கதவைத் திறந்து வைத்துக்கொண்டே அழுதார்.